திரும்பி வந்த வண்டியில் என்ன இருக்கிறது?



நமக்குத் தொழிலாளர் தினம் என்றால் மே மாதம் முதலாம் திகதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் அது செப்டெம்பர் மாதத்தின் முதலாவது திங்கட்கிழமை. நாட்காட்டிக் கணக்கில் கோடை முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தாலும், அந்நாட்டு மக்களின் மனதில் கோடைகாலம் அன்றோடு முடிந்துவிடுகிறது. பாடசாலைகள் மீண்டும் தொடங்குகின்றன. உயர்ந்த மலைப் பிரதேசங்களில் இரவில் நீர் உறைய ஆரம்பிக்கிறது. ரொக்கி மலைச்சாரலில் அஸ்பென் மரங்களின் இலைகள் மஞ்சள் நிறமாகின்றன. அந்த நாட்களில் அங்குள்ள நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். பஸ் வண்டி அளவான வாகனங்கள், பின்புறத்தில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு, முன் கண்ணாடியில் ஒரு பருவத்துப் பூச்சிகள் அப்பியிருக்க, ஒன்றன்பின் ஒன்றாக ஊர் திரும்பிக்கொண்டிருக்கும்.

இவற்றை மோட்டார் ஹோம் என்கிறார்கள். பெயருக்கேற்ப இது சில்லுகள் பூட்டிய வீடுதான். கட்டில், குசினி, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, மலசலகூடம் எல்லாம் உள்ளேயே இருக்கும். சாரதி ஆசனத்திலிருந்து எழுந்து நான்கு அடி வைத்தால் தேநீர் ஊற்றிக்கொள்ளலாம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கை கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி, மலசலகூடக் கழிவுக்கு வேறொரு தொட்டி. அயோவா மாநிலத்தின் ஃபொரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரைச் சேர்ந்த வின்னபேகோ நிறுவனம் 1966 இல் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் எந்த நிறுவனத்து வண்டியாயினும் அதை வின்னபேகோ என்றே பலர் சொல்லுமளவுக்கு அப்பெயர் பரவிவிட்டது.

ஓய்வு பெற்ற கணவன் மனைவியர், பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்த குடும்பத்தினர், இவர்களோடு கெமராப் பைத்தியம் பிடித்தவர்கள். இந்த மூன்றாவது கூட்டத்தினரைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறேன். சூரியன் உதிக்கும் முன்பே மான் மேயும் புல்வெளியில் நிற்க வேண்டுமென்றால், விடுதியில் அறை எடுத்துத் தூங்கிப் பயனில்லை. புல்வெளிக்குப் பக்கத்திலேயே வீடு நிற்க வேண்டும். ஆகவே இயற்கையைப் படம் பிடிப்பவர்களுக்கு இந்த வண்டி மிகவும் வசதியாகிவிட்டது. யெலோஸ்டோனில் காட்டெருது, மொன்டானாவில் பனியாறு, அலாஸ்காவில் கரடி என்று மூன்று மாதம் அலைந்துவிட்டு, ஆயிரக்கணக்கான படங்களோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்.

பயண நூல்கள் பெரும்பாலும் புறப்பாட்டில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. வீடு திரும்பிய பிறகு நடப்பதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. என் கருத்தில், பயணத்தின் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

முதல் வேலை அழகானதல்ல. கழிவுத் தொட்டிகளை அதற்கென உள்ள நிலையத்தில் காலி செய்து கழுவ வேண்டும். குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே வெப்பநிலை இறங்கும் ஊர்களில் இதோடு விடயம் முடிவதில்லை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருமனில் கூடும். வண்டியின் மெல்லிய குழாய்களில் ஒரு கோப்பைத் தண்ணீர் மிஞ்சியிருந்தாலும் அது உறைந்து குழாயைப் பிளந்துவிடும். பிளந்தது அப்போது தெரியாது. வசந்தத்தில் தண்ணீரைத் திறக்கும்போது தளமெல்லாம் நனைந்த பிறகே தெரியவரும். ஆகவே சுடுநீர்த் தாங்கி முதல் குழாய்கள் வரை எல்லாவற்றையும் வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவம் ஒன்றைப் பம்பு மூலம் செலுத்தி, ஒவ்வொரு குழாய்வாயிலும் அந்த நிறம் வரும்வரை திறந்துவிடுகிறார்கள். எஞ்சினுக்கு ஊற்றும் திரவத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பொதுவாக அது எதிலீன் கிளைகோல், நஞ்சு. குடிநீர்க் குழாய்க்கென்று விற்பது புரொப்பிலீன் கிளைகோல். பிறகு அலுமாரிகளில் ஒரு பிடி அரிசிகூட மீதியில்லாமல் துடைக்க வேண்டும். சுண்டுவிரல் நுழையாத ஓட்டையிலும் எலிக்குஞ்சு நுழைந்துவிடும். ஒரு குளிர்காலத்தில் அது மெத்தையைப் பஞ்சாக்கி, மின்கம்பிகளைக் கடித்து வைத்துவிடும்.

இதெல்லாம் தன் பொருளைத் தானே காப்பது. செய்யாவிட்டால் நட்டம் சொந்தக்காரருக்கு மட்டும்தான். ஆனால் வண்டியோடு சேர்ந்து வேறு சிலவும் வந்திருக்கலாம்; அவற்றின் நட்டம் ஊருக்கே.

2002 ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில், டிட்ரொயிட் நகரத்தை அண்டிய பகுதியில் ஒரு பச்சை நிற வண்டைக் கண்டுபிடித்தார்கள். அரை அங்குலத்துக்கு மேல் இல்லாத, மரகதம்போல் பளபளக்கும் வண்டு. ஆசியாவிலிருந்து வந்தது. ஏஷ் மரத்தின் பட்டைக்கடியில் இதன் புழுக்கள் வளைந்து வளைந்து தின்னும்போது, மரத்தின் மேலும் கீழும் ஓடும் நீரும் உணவும் தடைப்பட்டு, சில ஆண்டுகளில் மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகிறது. அமெரிக்கர்களின் பேஸ்போல் மட்டைகள் நெடுங்காலமாகச் செய்யப்பட்டது இந்த மரத்தில்தான். இன்றுவரை கோடிக்கணக்கான ஏஷ் மரங்கள் அழிந்துவிட்டன. இந்த வண்டு தானாகப் பறந்தால் ஆண்டுக்குச் சில கிலோமீற்றர் போகலாம். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி மாநிலம் விட்டு மாநிலம் அது எப்படிப் போனது? முக்கியமான வழிகளில் ஒன்று விறகு. முகாமில் இரவு நெருப்பு மூட்ட வீட்டிலிருந்து நாலு கட்டை விறகை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்; மீதியானதை வீணாக்க மனமின்றித் திரும்பவும் கொண்டு வருகிறார்கள். பட்டைக்கடியில் புழு இருப்பது யாருக்குத் தெரியும்? சிக்கனம் நல்ல குணம் என்றுதான் நாமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்த ஒரு விடயத்தில் மட்டும், மிஞ்சிய விறகை அங்கேயே எரித்துவிட்டு வருவதுதான் நல்லது. விறகை எந்த இடத்தில் வாங்கினாயோ அந்த இடத்திலேயே எரி என்று அங்குள்ள வனத்துறைகள் ஓயாமல் அறிவுறுத்தி வருகின்றன.

2014 இல் பென்சில்வேனியா மாநிலத்தின் பேர்க்ஸ் கவுண்டியில் வேறொரு பூச்சி தென்பட்டது. புள்ளிகள் கொண்ட சிறகும் உள்ளே சிவப்பும், பார்க்க அழகாகவே இருக்கும். திராட்சைக் கொடியின் சாற்றை உறிஞ்சிக் கெடுப்பது அதன் வேலை. இது முட்டையிடுவது செப்டெம்பருக்குப் பின். அதாவது மக்கள் பயணம் முடித்து வண்டியை நிறுத்தி வைக்கும் காலம். மரத்தில்தான் இடும் என்றில்லை. கல், வேலி, வண்டியின் அடிப்பாகம், சில்லின் உட்புறம் எங்கும் இடும். அந்த முட்டைத் திரளைப் பார்த்தால் காய்ந்த சேறு தெறித்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு திரளிலும் 30 முதல் 50 முட்டைகள். அந்த மாநிலத்தில் தடுப்பு வலயமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளைவிட்டு வெளியேறுவோர் பார்வையிட வேண்டிய பொருட்களின் பட்டியலில் இவ்வகை வண்டிகளும் உண்டு. வண்டியைக் கழுவுவது அழகுக்காக என்று நினைத்திருந்தவர்கள், இப்போது முழங்காலில் நின்று அடியில் லைட் அடித்துப் பார்க்கிறார்கள்.

அறியாமல் வந்தது இது. அறிந்தே எடுத்து வருவதும் உண்டு.

அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன காடு ஒன்று இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்றோடு அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்த மரங்கள், அணு அணுவாகக் கல்லாக மாறி, இன்று சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பாலைநிலத்தில் சிதறிக் கிடக்கின்றன. 1906 ஆம் ஆண்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கினார். 1962 இல் அது தேசிய பூங்காவாயிற்று. நெடுஞ்சாலை அதை ஊடறுத்துச் செல்வதால் மோட்டார் ஹோம்களுக்குக் குறைவில்லை. அங்கிருந்து ஒரு துண்டையும் எடுக்கக் கூடாதென்பது சட்டம். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் அழகான ஒரு துண்டு காலடியில் கிடக்கும்போது, இத்தனை இலட்சம் துண்டுகளில் ஒன்று குறைந்தால் என்ன என்ற எண்ணம் வராத மனிதர் குறைவு.

எடுத்துச் சென்றவர்களில் பலர், வீட்டுக்குப் போன பின் அதைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். பத்தாண்டுகள் கழித்து அனுப்பியவர்கள் உண்டு; இறந்துபோன தகப்பனின் மேசையில் கண்டெடுத்து அனுப்பிய பிள்ளைகள் உண்டு. கூடவே கடிதமும் வைக்கிறார்கள். இந்தக் கல்லை எடுத்த நாள் முதல் வீட்டில் நோய், வேலை போனது, வண்டி பழுதானது, மனைவி பிரிந்தாள், ஆகவே மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பாணியில் பல கடிதங்கள். கல் துரதிர்ஷ்டத்தைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கை நமக்குக் கிடையாது. ஆனால் எடுத்த பொருள் நெஞ்சில் உறுத்துவதைத்தான் அந்த மக்கள் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு சிலர் துரதிர்ஷ்டம் எதையும் பேசாமல், இது என்னுடையதல்ல என்ற அளவில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்கள்தான் என்னை அதிகம் கவர்ந்தவை.

இனித்தான் விடயத்தின் முக்கியமான இடம் வருகிறது. திரும்பி வந்த கற்களைப் பூங்கா அதிகாரிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காட்டில் மீண்டும் போடுவதில்லை, போட முடியாது. எந்தக் கல் எந்த இடத்தில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கல்லின் அறிவியல் பெறுமதி அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. இடம் தெரியாமல் கொண்டுபோய்ப் போட்டால் நாளைக்கு ஆராய வருபவரைத் தவறான வழியில் நடத்தியதாகிவிடும். ஆகவே பொதுமக்கள் செல்லாத பாதையொன்றின் ஓரத்தில் அவற்றைக் குவித்து வைக்கிறார்கள். அந்தக் குவியலுக்கு மனச்சாட்சிக் குவியல் என்றே பெயர். பல்லாண்டு காலமாக அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. திருப்பிக் கொடுத்தவரின் நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்கலாம். கல் மட்டும் ஊர் போய்ச் சேரவில்லை.

உயிருள்ளதையே எடுத்துச் சென்ற கதையும் இருக்கிறது. 2016 மே மாதம் யெலோஸ்டோன் பூங்காவில், காட்டெருதுக் கன்று ஒன்று குளிரில் நடுங்குவதாக நினைத்த உல்லாசப் பயணிகள், அதைத் தூக்கித் தங்கள் வாகனத்தின் பின்பகுதியில் ஏற்றி அதிகாரிகளிடம் கொண்டுபோனார்கள். இரக்கத்தில்தான் செய்தார்கள். அதிகாரிகள் கன்றை மந்தையோடு சேர்க்கப் பலமுறை முயன்றும் மந்தை அதை ஏற்கவில்லை. அது மனிதர்களையும் வாகனங்களையும் தேடித் தேடி வீதிக்கே வந்தது. இறுதியில் அதைக் கொன்றுவிட வேண்டியதாயிற்று. அந்தப் பூங்காவில் கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீற்றர், மற்றப் பெரிய விலங்குகளுக்கு 23 மீற்றர் தூரத்துக்குள் யாரும் நெருங்கக் கூடாதென்று விதி இருப்பது மனிதரின் பாதுகாப்புக்காக மட்டுமல்ல என்பதை அந்தக் கன்று நமக்குக் காட்டிவிட்டது.

நாங்கள் கல்லையும் எடுக்கவில்லை, கன்றையும் எடுக்கவில்லை, படம் மட்டும்தானே எடுத்தோம் என்று கெமராக்காரர்கள் சொல்லக்கூடும். நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் படமும் ஓர் அமானிதம். எடுத்த இடத்தைவிட்டு வந்த பின் அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில் அதன் உயிர் இருக்கிறது.

பிலிம் இருந்த காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள். ஒவ்வொன்றும் காசு. ஆகவே விரல் தயங்கும். கொடாக்குரோம் பிலிமைக் கழுவிக் கொடுத்த உலகின் கடைசி நிலையம் கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30 ஆம் திகதியோடு அங்கும் பெறுவதை நிறுத்திவிட்டார்கள். இன்று ஒரு பறவை கிளையைவிட்டுப் பறப்பதற்குள் முப்பது படம் விழுந்துவிடுகிறது. கோடை முடிந்து வீடு வரும்போது எண்ணிக்கை பல்லாயிரம். அவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று வன்தட்டில் கொட்டி வைக்கிறார்கள். அந்தப் ‘பிறகு’ பலருக்கு வருவதேயில்லை. பரீட்சை விடைத்தாள் கட்டை மேசையில் வைத்துவிட்டு அதன் பக்கம் திரும்பாமல் மற்ற எல்லா வேலையும் செய்யும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். இதுவும் அந்த வகைதான். ஆனால் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. எங்கே, எப்போது, என்ன என்று ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே எழுதி வைப்பது. அதோடு பிரதிகள் மூன்று, அவற்றில் ஒன்று வேறு வீட்டில்.

எழுதி வைக்காததன் விளைவுக்கு அமெரிக்காவின் பெரும் நிழற்படக் கலைஞர் அன்சல் அடம்ஸை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் நாள் முழுக்கச் சுற்றியும் நல்ல படம் வாய்க்காமல் ஒரு மாலை நேரம் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னான்டெஸ் என்ற கிராமத்தைத் தாண்டும்போது, கிழக்கே பனிமலைகளுக்கு மேல் சந்திரன் எழுந்திருக்க, மேற்கே மறையும் சூரியனின் கடைசி ஒளி மயானத்துச் சிலுவைகளில் வெள்ளையாக விழுந்திருந்தது. வண்டியை ஓரத்தில் நிறுத்திப் பெரிய கெமராவைப் பூட்டினார். ஒளியை அளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. சந்திரனின் ஒளிர்வு எவ்வளவென்பது மனதில் இருந்ததால் அதைக்கொண்டு கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளில் ஒளி போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து வாழ்நாள் முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளை அவரே இருட்டறையில் செய்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார். இன்று உலகம் அறிந்த படங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் எடுத்த திகதியை அவர் குறித்து வைக்கவில்லை. பிற்காலத்தில் ஒரு முறை ஒரு வருடம், இன்னொரு முறை வேறு வருடம் என்று சொல்லி வந்தார். கடைசியில் வானியல் அறிஞர்கள் வர வேண்டியதாயிற்று. சந்திரன் நின்ற உயரத்தையும் திசையையும் படத்திலிருந்து அளந்து, டேவிட் எல்மோர் என்பவர் முதலில் 1941 ஒக்டோபர் 31 என்றார். பின் 1991 இல் டெனிஸ் டி சிக்கோ என்பவர் கெமரா நின்ற இடத்தைத் திருத்தமாகக் கண்டுபிடித்து, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று முடிவு செய்தார். பிறை பார்த்து நாள் எண்ணும் நமக்கு, சந்திரனிடம் திகதி கேட்பது விநோதமாகத் தோன்றாது. இருந்தாலும் எல்லாப் படத்திலும் சந்திரன் இருக்கப்போவதில்லையே! பெரிய கலைஞரின் படமென்றபடியால் அறிஞர்கள் சிரமப்பட்டார்கள். உங்கள் படத்துக்கு நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதுவதில் நேர்மை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை நடத்தும் வனவிலங்குப் படப் போட்டியில் 2009 இல் முதற் பரிசு பெற்றது, இரவில் வேலிப் படலைத் தாண்டிப் பாயும் ஓர் ஓநாயின் படம். 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. அது காட்டு ஓநாயல்ல, பழக்கி வளர்க்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். எடுத்தவர் அதை மறுத்தார். காசு வாங்கிக்கொண்டு, வளர்ப்பு விலங்குகளைப் படமெடுக்க விடும் பண்ணைகள் மொன்டானா போன்ற மாநிலங்களில் இருந்து வந்திருக்கின்றன. அங்கே எடுப்பது ஒருவரின் விருப்பம். வீடு திரும்பிய பின், அதன் கீழே ‘காட்டில்’ என்று எழுதுவது பொய்.

சரியாக எழுதி வைத்த சாதாரணப் படம் என்ன செய்யும் என்பதற்கு மீண்டும் அந்தக் கல்மரக் காட்டுக்குத்தான் போக வேண்டும். மக்கள் களவெடுத்தே காடு காலியாகிவிடும் என்று பல்லாண்டு காலமாக அங்கே எச்சரித்து வந்தார்கள். பின்னர் பூங்கா அதிகாரிகள் மிகப் பழைய படங்களைத் தேடியெடுத்து, அவை எடுக்கப்பட்ட அதே இடங்களில் போய் நின்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் கற்கள் அன்று போலவே கிடந்தன! மனிதரைப் பற்றி நினைத்ததைவிட உண்மை நல்லதாக இருந்தது. கிளேசியர் தேசிய பூங்காவில் இதற்கு மாறான செய்தி கிடைத்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1997 முதல் பழைய பனியாற்றுப் படங்களை எடுத்துக்கொண்டு அதே பாறையில் நின்று புதிய படம் எடுத்து வருகிறார்கள். பழைய படத்தில் பனி, புதியதில் ஏரி. பழையதில் பனி, புதியதில் வெறும் கல். 2015 இல் அந்தப் பூங்காவில் 25 ஏக்கரைவிடப் பெரிய பனியாறுகள் 26 மட்டுமே எஞ்சியிருந்தன. அந்தப் பழைய படங்களை எடுத்தவர்கள் தாங்கள் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பதாக எண்ணியிருக்க மாட்டார்கள். இடமும் காலமும் தெரிந்திருந்ததால் படம் சாட்சியாயிற்று. மனச்சாட்சிக் குவியலில் கிடக்கும் கற்களுக்கு இல்லாமற்போனது இதுதான்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இடத்தை எழுதி வை என்கிறேன். ஆனால் எல்லோரிடமும் சொல்லாதே என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய கைத்தொலைபேசி, நாம் எழுதாவிட்டாலும் படம் எடுத்த இடத்தைப் படத்துக்குள்ளேயே பதிந்து விடக்கூடியது. அதை உலகமெல்லாம் பார்க்கப் பரப்பினால் அடுத்த வாரம் அங்கே கூட்டம் கூடும். வயோமிங் மாநிலத்தின் ஜெக்ஸன் ஹோல் பகுதியில், டெல்டா லேக் என்னும் மலை ஏரிக்கு முன்பெல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே ஏறுவார்கள். படங்கள் இடப்பெயரோடு பரவிய பின் கூட்டம் பெருகியது. உல்லாசப் பயணிகளை வரவழைப்பதே தொழிலாகக் கொண்ட அப்பகுதிச் சுற்றுலாச் சபையே 2018 இல், தயவுசெய்து துல்லியமான இடத்தைப் போடாதீர்கள் என்று பிரசாரம் செய்ய நேர்ந்தது. 2019 மார்ச்சில் கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் நகரில், மலையெல்லாம் செம்மஞ்சளாகப் பூத்ததைப் படமெடுக்க வந்த சனத்திரள் தாங்காமல் அந்தப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழியை மூடினார்கள். பூவை மிதித்துக்கொண்டுதான் பூவோடு படம் எடுத்தார்கள்.

பூவாவது அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கலாம். ஆந்தை ஒன்றின் இருப்பிடம் தெரிந்துவிட்டால் நிலைமை மோசம். கூடு கட்டிய மரத்தடியில் காலை முதல் மாலை வரை முக்காலிகள். சிலர் உயிருள்ள எலியை எறிந்து ஆந்தையைத் தங்கள் பக்கம் பாய வைக்கிறார்கள். வீதியோரத்தில் இரை கிடைக்கும் என்று பழகிய பறவை வாகனத்தில் அடிபடுகிறது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் வீடு வந்ததும் இரண்டு குறிப்பு வைக்கிறார்கள். தங்கள் ஏட்டில் மரம் வரை எழுதுகிறார்கள். வெளியே கொடுக்கும் படத்தில் மாநிலத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆராய்ச்சியாளர் கேட்டால் ஏட்டைத் திறந்து கொடுக்கலாம். உண்மையை மறைப்பதற்கும், ஒரு வீட்டின் விலாசத்தைத் தெருவில் கூவாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

திரும்பி வந்த பின் செய்யும் வேலை எவ்வளவு நீண்டது என்பதை எட்வின் வே டீல் என்பவரின் வாழ்வில் காணலாம். 1899 இல் பிறந்தவர். எழுத்தாளர், பூச்சிகளை நெருங்கிப் படம் பிடித்ததில் முன்னோடி. அவருக்கும் மனைவி நெல்லிக்கும் ஒரே மகன், டேவிட். இரண்டாம் உலக யுத்தத்தில் 1945 இல் ஜெர்மனியில் அவன் கொல்லப்பட்டான். 1947 இல் கணவனும் மனைவியும் காரில் ஏறி, புளோரிடாவிலிருந்து வசந்தத்தோடு வடக்கு நோக்கி 17,000 மைல் பயணம் செய்தார்கள். மோட்டார் ஹோம் ஒன்றும் அவர்களிடம் இருக்கவில்லை. சாதாரணக் கார், கெமரா, குறிப்பேடு. சில மாதப் பயணம். நூல் வெளிவந்தது 1951 இல். நடுவே இருந்த ஆண்டுகள் குறிப்புகளைச் சரிபார்ப்பதிலும், தெரிவதிலும், எழுதுவதிலும் போயின. இலையுதிர்காலப் பயண நூல் 1956 இல் வந்தது. கோடைக்கு 19,000 மைல். அந்த நூல் 1960 இல். குளிர்காலம் 1965 இல். அதற்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. நான்கு பருவங்களை முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

இதற்கிடையில் 1959 இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹம்ப்டன் என்ற ஊரில் ஒரு பழைய பண்ணையை வாங்கிக் குடியேறினார்கள். 1980 இல் அவர் மறையும்வரை அதுவே வீடு. இப்போது அது பறவைகளுக்கான சரணாலயம். யாரும் போய் நடக்கலாம். அவரது குறிப்புகளும் படங்களும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பயண நூல்கள் நான்கையும் டேவிடுக்கே சமர்ப்பித்திருக்கிறார்கள்.